‘ஃபார்மட்’ போடக் கொடுப்பதற்கு முன்

கள்ளக்குறிச்சியில் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் காதில் விழும் பேச்சு இது: “அண்ணே, லேப்டாப் ஓடவே மாட்டேங்குது. ஃபார்மட் பண்ணி ஓ.எஸ். போட்டுக் குடுங்க.” கடைக்காரர் சில நூறு ரூபாய் கேட்பார், மறுநாள் வரச் சொல்வார். கல்வராயன்மலையில் கரியாலூரிலிருந்தோ வெள்ளிமலையிலிருந்தோ இறங்கி வந்த மாணவருக்கு அந்த ‘மறுநாள்’ என்பது இன்னொரு பஸ் பயணம், இன்னொரு நாள் வகுப்பு இழப்பு. மெஷின் திரும்பி வரும்போது ஓடவும் செய்யும். ஆனால் அதற்குள் சில பொருள்கள் காணாமல் போயிருக்கும். காசு கொடுத்து வாங்கிய அசல் விண்டோஸும், அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கொண்டுவரும் ரெக்கவரியும் அவற்றில் முக்கியமானவை. பலருக்கு அவை இருந்ததே தெரியாது.

லேப்டாப் கம்பெனியிலிருந்து வரும்போது வன்தட்டில் சி, டி என்று கண்ணுக்குத் தெரியும் பகுதிகளோடு, தெரியாத ஒரு பகுதியும் இருக்கும். அதுதான் ரெக்கவரி பார்ட்டிஷன். அந்த மாடலுக்கு உரிய விண்டோஸ், வைஃபை, ஒலி, திரை இவற்றுக்கான டிரைவர்கள், கம்பெனி சேர்த்துத் தந்த மென்பொருள்கள் எல்லாம் சுருக்கி அதில் வைக்கப்பட்டிருக்கும். மெஷினை ஆன் செய்தவுடன் உரிய பொத்தானை அழுத்தினால் இந்தப் பகுதி விழித்துக்கொள்ளும். ஏசரில் ஆல்ட்டும் எஃப் 10-ம் சேர்த்து அழுத்த வேண்டும், எச்.பி.யில் எஃப் 11. லெனோவோவின் பல மாடல்களில் பக்கவாட்டில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை, உள்ளே ஒரு பொத்தான். மெஷினை அணைத்துவிட்டு ஊசியால் அதை அழுத்தினால் ரெக்கவரி பட்டியல் திறக்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. பீரோ சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். வன்தட்டு கெட்டுப்போனால் ரெக்கவரியும் அதோடு போய்விடும். அதனால்தான் கம்பெனிகள் ‘ரெக்கவரி டிஸ்க் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்’ என்று முதல் நாளே திரையில் நினைவூட்டின. விண்டோஸ் 7 காலத்தில் அதற்கு மூன்று முதல் ஐந்து டி.வி.டி. வரை பிடிக்கும். ஒரு டி.வி.டி.யில் 4.7 ஜி.பி.தான் அடங்கும் என்பதால் அத்தனை தட்டுகள். எழுதி வைத்தவர்கள் மிகச் சிலர். எழுதியவர்களிலும் தட்டின் மேல் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு வைத்தவர்கள் இன்னும் குறைவு.

தமிழ்நாட்டில் இந்த விஷயம் வீட்டுக்கு வீடு பொருந்தும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழக அரசு நிறுவனமான எல்காட் வழியாக வாங்கிய லேப்டாப்கள் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் போய்ச் சேர்ந்தன. கல்வராயன்மலையில் இருக்கும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படித்த மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் பலருக்கு அதுதான் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர். தொடக்க ஆண்டுகளில் வந்த மெஷின்களில் விண்டோஸ் 7-ம், மத்திய அரசின் சென்னை சி-டாக் உருவாக்கிய இலவச ஓ.எஸ். ஆன பாஸ் லினக்ஸும் அருகருகே இருந்தன. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும். விண்டோஸ் சிடியை மட்டும் போட்டு ஃபார்மட் செய்தபோது அந்தப் பட்டியலே அழிந்தது. பாஸ் லினக்ஸ் வட்டில் அப்படியே கிடந்தாலும், உள்ளே போக வழியில்லாமல் போனது. கம்பெனி ரெக்கவரியில் போயிருந்தால் மெஷின் வந்த நாளின் நிலைக்கே திரும்பியிருக்கும்.

2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்று அரசு அறிவித்தது. புது மெஷின் கையில் கிடைக்கும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், கெட்டுப்போன மெஷினை என்ன செய்வது என்று பார்ப்போம்.

எதை எடுத்து வைப்பது

ரெக்கவரி போடுவது என்றால் சி டிரைவில் இருப்பது எல்லாம் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில கம்பெனி ரெக்கவரிகள் டி டிரைவையும் சேர்த்துத் துடைத்துவிடும். டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஃபைல்கள், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள் இவையெல்லாம் சி டிரைவில்தான் இருக்கின்றன. இவற்றை எல்லோரும் நினைவாக எடுத்துவிடுவார்கள். மறந்துபோவது வேறு சில.

அரிசி மில்லிலோ உரக்கடையிலோ கணக்கு எழுதும் மெஷின் என்றால், டேலியின் டேட்டா பெரும்பாலும் சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் பப்ளிக் என்ற இடத்தில் இருக்கும். அதை எடுக்காமல் ஃபார்மட் போட்டு ஆண்டுக் கணக்கை இழந்தால் மீட்பது பெரும் பாடு. அடுத்தது எழுத்துரு. பத்திரம் எழுதுவோர், டி.டி.பி. சென்டர்கள், பழைய அலுவலகங்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் ஆயிரக்கணக்கில் உண்டு. இவை யூனிகோட் அல்ல; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்தவை. எழுத்துரு மெஷினில் இல்லை என்றால் கோப்பைத் திறந்ததும் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பதறி அழித்தவர்கள் உண்டு. கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அதிலிருந்து அந்த எழுத்துருக்களை பென்டிரைவில் எடுத்துக்கொண்டால் போதும்.

விண்டோஸ் உள்ளேயே நுழைய முடியவில்லை என்றாலும் ஃபைல்களை எடுக்கலாம். லினக்ஸ் மின்ட் போன்ற இலவச ஓ.எஸ்.களை ஒரு பென்டிரைவில் ஏற்றி, மெஷினில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே ஓட்ட முடியும். அப்போது வன்தட்டில் உள்ள ஃபோல்டர்கள் தெரியும், நகல் எடுத்துக்கொள்ளலாம். முக்கியமான தடை, புதிய விண்டோஸ் 11 மெஷின்களில் வரும் பிட்லாக்கர் பூட்டு. அது போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் வட்டைத் திறக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அந்த எண் கிடைக்கும். மெஷின் நன்றாக இருக்கும்போதே அதைப் பார்த்து நோட்டில் எழுதி வைப்பது நல்லது.

வன்தட்டிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, ஒரு சின்ன ஃபைலை நகலெடுக்கவே நிமிடக்கணக்கில் திணறினாலோ, அந்த வட்டிலேயே மறுபடி ஓ.எஸ். போடுவது வீண் வேலை. ஃபைல்களை எடுத்துவிட்டு வட்டை மாற்றுங்கள். எஸ்.எஸ்.டி. போட்டால் பழைய மெஷினும் நன்றாக ஓடும். சில ரெக்கவரி டிஸ்குகள் பழைய வட்டைவிடச் சிறிய வட்டில் ஏற மறுக்கும் என்பதை மட்டும் கவனத்தில் வையுங்கள்.

டிஸ்க் போட்டு ஏற்றும்போது

சார்ஜரைச் செருகிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்துப்போயிருக்கும். பாதியில் கரண்ட் போனால் பழைய ஓ.எஸ். அழிந்து, புதியது ஏறாத நிலையில் மெஷின் நின்றுவிடும். மழைக்காலத்தில் மலை ஊர்களில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பேட்டரி தாங்காது என்றால் யு.பி.எஸ். உள்ள இடத்தில் வைத்துச் செய்யுங்கள்.

முதல் டிஸ்கைப் போட்டு மெஷினை மறுபடி ஆன் செய்து, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் பட்டியலுக்குப் போக வேண்டும். டெல், லெனோவோவில் எஃப் 12; எச்.பி.யில் எஸ்கேப் அழுத்திப் பிறகு எஃப் 9. ஏசரில் எஃப் 12 வேலை செய்யாவிட்டால் எஃப் 2 அழுத்தி உள்ளே போய் அந்த வசதியை இயக்க வேண்டும். டி.வி.டி.யைத் தேர்ந்தெடுத்ததும் கறுப்புத் திரையில் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லி ஒரு வரி வரும். சில நொடிகளே இருக்கும். தவறவிட்டால் பழைய வன்தட்டுக்கே போய்விடும். பொத்தானைத் தட்டியதும் சாம்பல் நிறப் பட்டை ஒன்று இடமிருந்து வலமாக நிரம்பும். அடுத்த டிஸ்க், அதற்கடுத்த டிஸ்க் என்று அதுவே கேட்கும்.

இங்கே பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. மெஷின் நடுவில் தானாகவே அணைந்து மறுபடி ஆன் ஆகும். டிஸ்க் உள்ளேயே இருந்தால் பொத்தானை அழுத்தச் சொல்லும் அதே வரி மறுபடி வரும். இந்த முறை எதையும் தொடக்கூடாது. தொட்டால் முதலிலிருந்து தொடங்கிவிடும். அதேபோல் ஒரு விழுக்காட்டில் அரை மணி நேரம் நகராமல் நின்றாலும் பொறுங்கள். டிஸ்க் சுழலும் சத்தமும் வன்தட்டு விளக்கு மினுங்குவதும் இருக்கும்வரை வேலை நடக்கிறது என்று பொருள். எல்லாம் முடிய இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகலாம்.

வீட்டில் எழுதிய டி.வி.டி. சாகாவரம் பெற்றதல்ல. வெயிலும் ஈரமும் அதன் சாயப் பூச்சைக் கெடுக்கும். பத்தாண்டுக்கு முன் எழுதிய தட்டு இன்று படிக்கிறதா என்று இப்போதே பார்த்து, படித்தால் இன்னொரு நகல் எடுத்துவிடுங்கள்.

டிஸ்க் இல்லாதவர்களுக்கு

விண்டோஸ் 8 முதல் டிஸ்குக்குத் தேவை குறைந்துவிட்டது. 10-லும் 11-லும் செட்டிங்ஸில் ‘ரீசெட் திஸ் பிசி’ இருக்கிறது. ‘கீப் மை ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுத்தால் உங்கள் ஃபைல்கள் இருக்கும், நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்றால் எல்லாமே போகும். அடுத்து வரும் கேள்விதான் மலைக்காரர்களுக்கு முக்கியம்: ‘கிளவுட் டவுன்லோட்’ கொடுத்தால் ஏறக்குறைய 4 ஜி.பி. இணையத்திலிருந்து இறங்க வேண்டும். ‘லோக்கல் ரீஇன்ஸ்டால்’ என்றால் மெஷினில் உள்ளதிலிருந்தே நடக்கும். மலையில் பல ஊர்களில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வருகிறது. அங்கே லோக்கல்தான் சரி.

கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: “இதுல வந்த விண்டோஸையே போடுங்க.” விண்டோஸ் 8-லிருந்து வந்த மெஷின்களில் உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. அதே பதிப்பை மறுபடி ஏற்றினால் இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும், ஒரு பைசா செலவில்லை. வாடிக்கையாக நடப்பது என்னவென்றால், மெஷினுக்கு உரியது ஹோம் பதிப்பாக இருக்க, கையில் இருக்கும் புரோ பதிப்பை ஏற்றுகிறார்கள். அது ஆக்டிவேட் ஆகாது. உடனே உரிமச் சோதனையை ஏமாற்றும் ஒரு கிராக் மென்பொருளைப் போடுகிறார்கள். கிராக்கை ஓட்ட ஆன்டிவைரஸை அணைக்க வேண்டும். அந்த மெஷினில்தான் பிறகு உதவித்தொகை விண்ணப்பமும் வங்கிக் கணக்கும் திறக்கப்படுகின்றன. அசல் உரிமம் உள்ளேயே இருக்கும் மெஷினுக்குத் திருட்டுச் சாவி போடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஏற்றி முடித்த பின் வைஃபை வரவில்லை என்றால் டிரைவர் இல்லை என்று பொருள். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து டெதரிங் கொடுத்தால் இந்தச் சிக்கல் தீரும். எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று திரை மிரட்டினால் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்து, மெஷின் பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். தேதியைத் திருத்தினாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

பழைய விலையில்லா லேப்டாப்பில் அதன் விண்டோஸ் 7-ஐ மீட்டாலும் அதை இணையத்தோடு இணைக்க வேண்டாம். 2020 ஜனவரி 14-க்குப் பின் அதற்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் இல்லை; குரோம் உலாவியும் 2023-இல் அதைக் கைவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் 4 ஜி.பி. நினைவகமும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும் அந்த மெஷின்களில் கிடையாது. அவற்றுக்கு என் தீர்ப்பு லினக்ஸ்தான். பாஸ் அல்லது லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு நன்றாக ஓடும், தமிழ் தெளிவாகத் தெரியும், தமிழ் 99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம். பிளஸ் ஒன் கணினி அறிவியல் பாடப்புத்தகமே விண்டோஸோடு உபுண்டுவையும் கற்றுத் தருகிறது. தம்பி தங்கைகள் படிக்க அது போதும்.

புது மெஷின் வாங்கியவர்களுக்கு முன்பு சொன்ன வேலை இதுதான். 32 ஜி.பி. பென்டிரைவ் ஒன்று வாங்குங்கள். அதில் இருப்பது எல்லாம் அழியும், அதனால் காலியானதாக இருக்கட்டும். ஸ்டார்ட் மெனுவில் ‘ரெக்கவரி டிரைவ்’ என்று தேடினால் அதை உருவாக்கும் நிரல் வரும். சிஸ்டம் ஃபைல்களையும் சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் பழுது பார்க்கலாமே தவிர ஓ.எஸ். போட முடியாது. முடிந்ததும் மெஷினின் மாடல் பெயரைத் தாளில் எழுதிப் பென்டிரைவில் ஒட்டி, லேப்டாப் பையிலேயே போட்டு வையுங்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை இருந்தால், அடுத்த முறை மலைக்குப் பஸ் ஏறுவதற்கு முன் இதைச் செய்து கொடுத்து அனுப்புங்கள்.