மான் எழுதும் மஞ்சள் கணக்கு!

உங்களுக்கு ஒரு வேலை, ஃப்ரெண்ட்ஸ்! பெரிய காடு ஒன்று. உள்ளே ஏகப்பட்ட மான்கள். ‘வருஷத்துக்கு இங்கே எத்தனை குட்டி உருவாகுது?’ இதைக் கண்டுபிடிச்சுச் சொல்லணும். எப்படிச் செய்வீங்க?

பைனாகுலரோட மரத்து மேல ஏறி உட்கார்ந்துடலாம்னு நினைக்கிறீங்களா? ம்ஹூம்... வேலைக்கு ஆகாது பாஸ்! தாய் மான் குட்டியைப் புதருக்குள் ஒளித்து வைத்துவிட்டுத்தான் மேயவே போகும். குட்டியும் காது கூட அசையாமல் படுத்துக் கிடக்கும். உங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே செத்துப்போன குட்டிகள் எத்தனை? தெரியாது. வயிற்றுக்குள்ளேயே கலைந்த கரு எத்தனை? அதுவும் தெரியாது.

1940-களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சீட்டம், செவரிங்ஹாஸ் என்ற இரண்டு வனவிலங்கு ஆய்வாளர்கள் இந்தத் தலைவலியைத் தீர்த்தார்கள். விடை எங்கே இருந்தது தெரியுமா? இறந்துபோன வெண்வால் மானின் வயிற்றுக்குள், மொச்சைக்கொட்டை அளவே இருக்கும் சினைப்பையில்!

உருண்டை சொல்லும் ரகசியம்

வெண்வால் மான்கள் பெரும்பாலும் நவம்பரில் இணை சேரும். சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறியதும், அது இருந்த இடம் சும்மா கிடக்காது. அங்கே ஒரு சின்ன உருண்டை வளரும். ‘கார்பஸ் லூட்டியம்’ என்று பேர். தமிழில் சொன்னால், மஞ்சள் உருண்டை. புரோஜெஸ்டிரான் ஹார்மோனைச் சுரந்து கர்ப்பத்தைக் காப்பாற்றுவதுதான் இதன் டியூட்டி. சுமார் 200 நாள் கர்ப்பம் முழுக்க அது அங்கேயே இருக்கும்.

மேட்டர் என்னன்னா, ஒரு முட்டைக்கு ஒரு உருண்டை. இரண்டு முட்டை வெளியே வந்திருந்தால் இரண்டு உருண்டை. குட்டி பிறந்த பிறகு அது சுருங்கித் தழும்பாகிவிடும். ஆக, இந்த வருஷக் கணக்கு உருண்டையாகவும், போன வருஷக் கணக்கு தழும்பாகவும் உள்ளே பதிவாகிக் கிடக்கிறது. வருகைப் பதிவேடு மாதிரி!

அதைப் படிக்க பெரிய லேப் எல்லாம் வேண்டாம். சினைப்பையை ஃபார்மலினில் ஊற வைத்துக் கெட்டியாக்க வேண்டும். கூர்மையான பிளேடால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்தில் சீவ வேண்டும். ஒரு ஓரம் மட்டும் அறுபடாமல் விட்டால், புத்தகம் மாதிரி பக்கம் பக்கமாகப் புரட்டலாம். உஷார்! ஒரே உருண்டை நாலைந்து பக்கங்களில் தலை காட்டும். அதை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும்.

அடுத்து கருப்பையைத் திறந்து கருக்களை எண்ணுவார்கள். இங்கே இரண்டு உருண்டை, அங்கே ஒரே ஒரு கரு என்றால்? ஒரு முட்டை கருவாகவே இல்லை, அல்லது கருவாகிக் கலைந்துவிட்டது என்று அர்த்தம். கடைசியாக, தாடையில் பற்களின் தேய்மானத்தைப் பார்த்து வயசு கணிப்பார்கள். பல்லை வைத்து வெண்வால் மானின் வயசு சொல்லும் முறையை 1949-ல் எழுதி வெளியிட்டவரே நம்ம செவரிங்ஹாஸ்தான்.

ஒரே மான், இரண்டு கதை

நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதி விவசாய பூமி. சோளம், குதிரைமசால், ஆப்பிள் தோட்டம் என மானுக்கு ராஜ விருந்து. வடக்கே அடிராண்டாக் மலையில் கதையே வேறு. சத்தில்லாத மண், ஆளை முழுங்கும் பனி, மான்களே மேய்ந்து தீர்த்த காடு.

இரண்டு ஊர் சினைப்பைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. மேற்கில் 100 பெண் மான்களில் 94 சினையாக இருந்தன. அடிராண்டாக்கின் நடுப்பகுதியில் 79தான். மேற்கில் 100 மான்களுக்கு 171 கரு. மலையில் வெறும் 106.

எங்கே கோட்டை விட்டது மலை மான்? கருப்பையை மட்டும் பார்த்திருந்தால், ‘பாவம், குளிரில் கரு கலைந்திருக்கும்’ என்று முடித்திருப்பார்கள். சினைப்பைதான் உண்மையைப் போட்டு உடைத்தது. மேற்கில் ஒரு மானுக்குக் கிட்டத்தட்ட இரண்டு உருண்டைகள். மலையிலோ ஒன்றைத் தாண்டவே திணறியது. அதாவது, கரு கலையவில்லை. இரண்டாவது முட்டை வெளியே வரவே இல்லை! இலையுதிர் காலத்தில் வயிறு நிறையாத தாயின் உடம்பு, ‘ஒன்றுக்கு மேல் தாங்காது’ என்று முன்கூட்டியே முடிவெடுத்துவிடுகிறது.

சுடலாமா, கூடாதா?

இங்கேதான் சண்டையே. ஆண் மானைச் சுடலாம், பெண் மானைத் தொடக்கூடாது என்பது அங்கே வேட்டைக்காரர்களிடம் ஊறிப்போன எண்ணம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அடிராண்டாக்கில் டிபார் மலை என்று ஓர் இடம். வேட்டை இல்லாததால் மான்கள் எக்கச்சக்கமாகப் பெருகி, தழைகளைத் தின்று தீர்த்திருந்தன. 1939-லிருந்து 1943 வரை பார்த்தபோது, பெண் மான்களில் ஏறக்குறைய பாதிதான் சினை. பிறகு வேட்டை நடந்தது. கூட்டம் குறைந்தது. 1947-ல் மறுபடி பார்த்தால், கிட்டத்தட்ட எல்லாமே சினை! அதிலும் பலவற்றில் இரட்டைக் கரு.

துப்பாக்கி நல்லது என்பதல்ல இதன் அர்த்தம். காடு எத்தனை வயிற்றுக்குச் சோறு போடும் என்று தெரியாமல் மானை மட்டும் காப்பாற்ற முடியாது. அந்தச் சின்ன உருண்டை காட்டியது மானின் உடல்நிலையை மட்டுமல்ல, காட்டின் உடல்நிலையையும் சேர்த்துத்தான்.

நம்ம ஊரில் 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆராய்ச்சிக்காக என்று யாரும் மானைக் கொல்லக் கிளம்ப முடியாது, கூடவும் கூடாது. அதற்கும் வழி இருக்கிறது. மான் போட்டுவிட்டுப் போகும் புழுக்கையிலேயே ஹார்மோனை அளந்து, சினையா இல்லையா என்று கணிக்கலாம். ஆனால் எத்தனை முட்டை வந்தது, எத்தனை நின்றது என்ற கணக்கு அதில் கிடைக்காது. அதனால் ரோட்டில் வண்டி மோதிச் செத்த ஒரு பெண் மானின் பிரேதப் பரிசோதனை கூட, படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு பொக்கிஷம்.

கால்நடை மருத்துவமோ விலங்கியலோ படிக்கிறவரா நீங்கள்? லேபில் அடுத்த முறை சினைப்பையை வெட்டும்போது மூக்கைப் பொத்திக்கிட்டு ரெக்கார்ட் நோட்டில் படம் மட்டும் வரைந்துவிட்டு ஓடாதீங்க. ஒரு நிமிஷம் நின்று எண்ணிப் பாருங்க. அந்த விலங்கு வயிறாரச் சாப்பிட்டதா, பட்டினி கிடந்ததா... அதுவே உங்களுக்குச் சொல்லும்!