ஒரு சொல்லும் இருபது நிமிடமும்

சென்ற வாரம் புவியியற் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், 'ரொர்னாடோ' என்பதற்குத் தமிழ் என்ன?" என்று வினவினான். "சூறாவளி" என்றேன். "அப்படியானால் 1978இல் மட்டக்களப்பை அழித்ததும் அதுதானா?" என்றான். விடையின்றி நின்றேன்.

இரண்டும் வேறு. கடலிற் பிறந்து, நாட்கணக்காக நகர்ந்து, பெரும்பரப்பைத் தழுவி வருவது நாமறிந்த சூறாவளி. மற்றையதோ இடிமுகிலின் பிள்ளை. கீழே ஈரமும் வெம்மையும் பொருந்திய காற்று. மேலே குளிர்ந்த, வறண்ட காற்று. உயரத்துக்கேற்பக் காற்றின் வேகமும் திசையும் மாறுமிடத்து, வளி கிடையாக உருளத் தொடங்கும். மேலெழும் வளியோட்டம் அவ்வுருளையை நிமிர்த்திவிடும். அதிலிருந்து இறங்கி நிலத்தைத் தொடும் தூணே இது. அதன் ஆயுள் பெரும்பாலும் சில நிமிடங்களே.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலே, வயல்வெளிகளின் நடுவே, கிறீன்ஸ்பேர்க் என்றொரு சிற்றூர் உண்டு. 2007 மே 4ஆம் நாள் இரவு ஒன்பதே முக்கால் மணியளவில் அத்தகைய காற்றொன்று அதன்மீது பாய்ந்தது. அதன் அகலம் ஏறத்தாழ 1.7 மைல், ஊரையே ஒருங்கே மூடிற்று. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு கட்டடங்கள் அழிந்தன. ஆயினும், ஏறத்தாழ 1,400 பேர் வாழ்ந்த அவ்வூரில் இறந்தோர் பத்துப் பேருக்குச் சற்று மேல். ஏன்? இருபது நிமிடங்களுக்கு முன்னரே அபாயச் சங்கு ஊதிற்று. மக்கள் நிலவறைகளில் இறங்கியிருந்தனர்.

அவ்வூரின் புகழ், 1880களில் மனிதர் கையால் தோண்டிய, 109 அடி ஆழமான பெருங்கிணறு. மேலே கட்டியவை போயின. கீழே அகழ்ந்த கிணறு நின்றது. பின்னர் ஊரார் காற்றாலை மின்சாரத்தை நம்பி ஊரைப் புதிதாகக் கட்டினர். எனினும், திரும்பாதோர் பலர். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கிருந்தோர் 777 பேரே.

இனி வங்காளதேசம் செல்வோம். 1989 ஏப்பிரில் 26ஆம் நாள் மாலை, நெடுநாள் வறட்சியால் மழைக்கு ஏங்கியிருந்த மாணிக்கஞ்ச் மாவட்டத்திலே, சாட்டூரியா என்னும் ஊர்மீது இதே இனக் காற்று விழுந்தது. மாண்டோர் ஏறத்தாழ 1,300 பேர். வீடிழந்தோர் ஏறத்தாழ 80,000 பேர். அங்கே தகரமும் மூங்கிலும் மண்ணுமே வீடு. வெள்ளம் பரவும் அவ்வண்டல் நிலத்தில் நிலவறை ஏது?

இரண்டும் ஒரே இனக் காற்று. ஆனால் ஓரூர் முன்னறிந்தது. ஒளிய இடமும் வைத்திருந்தது. மற்றையதற்கு அவ்விரண்டும் வாய்க்கவில்லை. இவ்வுயிர்க்கணக்கை எழுதியது காற்று மட்டுமன்று. வறுமையும் உடனிருந்து எழுதிற்று.

மறுநாள் அம்மாணவனிடம், "நேற்று நான் தவறாகச் சொன்னேன். இதைச் சுழல்காற்று என்று வேறாக வழங்குவோம்" என்றேன்.

"சொல் மாறினால் என்ன, சேர்?" என்றான்.

"தம்பி, சூறாவளி வருகிறதென்றால், கடல் பொங்குமென்று கரையோரத்தார் மேட்டுக்கு ஓடவேண்டும். சுழல்காற்று வருகிறதென்றால், தாழ்வான இடத்தில் பதுங்கவேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எச்சரித்தால், கேட்பவன் எந்தப் பக்கம் ஓடுவான்?"

அவன் தன் குறிப்பேட்டைத் திறந்து, பழைய சொல்லை வெட்டிவிட்டுப் புதியதை எழுதிக்கொண்டான். நானும் என் பாடக்குறிப்பில் அவ்வாறே செய்தேன்.