விளையாட்டுச் சந்தை – 7: தூங்காத ஆட்டக்காரன்

“ஐடி சேல். எம்416 கிளேசியர் ஃபுல் மேக்ஸ். ஒரே லாகின். வாங்குற ஆளு மட்டும் டிஎம் பண்ணுங்க.” திருவண்ணாமலையில் பிளஸ் டூ படிக்கிற பையன் யாரிடமாவது கைப்பேசியை வாங்கி அவன் இருக்கும் வாட்ஸாப், டெலிகிராம் குழுக்களைப் புரட்டிப் பாருங்கள், இந்த மாதிரி அறிவிப்பு கண்ணில் படும். ஐடி என்றதும் ஆதார் என்று பதற வேண்டாம். பிஜிஎம்ஐ என்ற கைப்பேசித் துப்பாக்கி ஆட்டத்தில் அவன் வைத்திருக்கும் கணக்குதான் அது. கிளேசியர் என்பது ஆட்டத்துத் துப்பாக்கி மேல் பனிக்கட்டி போல ஒரு பூச்சு. அதனால் குண்டு கூடுதலாகப் பாயாது; பார்க்க அழகு, அவ்வளவுதான். அந்த அழகுக்கு ஆயிரக்கணக்கில் விலை.

துப்பாக்கியை மட்டும் விற்காமல் கணக்கையே ஏன் விற்கிறான்? தன்னிடம் இருக்கும் பூச்சை இன்னொருவனுக்கு விற்க அந்த ஆட்டத்துக்குள் வழியே இல்லை. கடை நிறுவனத்தின் கையில் மட்டும்தான். இப்படிப் பூட்டு போட்டதற்குப் பின்னால் கால் நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது.

எவர்குவெஸ்ட் என்று ஓர் இணைய விளையாட்டு. அதில் சம்பாதித்த பொருட்களை ஆட்டக்காரர்கள் ஈபே தளத்தில் டாலருக்கு விற்றார்கள். எட்வர்ட் காஸ்ட்ரனோவா என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் அந்த விலைகளை வைத்துக் கணக்குப் போட்டு 2001-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்தக் கற்பனை நாட்டின் தலா வருமானம் ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் நடுவில் வந்து நின்றது. வேடிக்கையாகப் படித்தவர்கள் உண்டு. வியாபாரமாகப் படித்தவர்களும் உண்டு. சில ஆண்டுகளில் சீனாவில் இதற்கென்றே பட்டறைகள் முளைத்தன. நான்ஜிங் நகரில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் ஆட்டத் தங்கம் சேர்த்த இளைஞர்களைப் பற்றி 2007-ல் நியூயார்க் டைம்ஸ் இதழ் எழுதியது. கூலி, மணிக்கு 30 அமெரிக்க சென்ட்.

அந்த வேலையையும் பிடுங்கிக்கொண்டது பாட். மனிதனைப் போலத் திரையில் கிளிக் செய்யும் சின்ன மென்பொருள். தூங்காது, சலிக்காது, கூலி கேட்காது.

பாட் வந்தால் ஆட்டத்துக்குள் என்ன ஆகிறது? அரக்கனைக் கொன்றால் காசு என்பது ஊற்று. கத்தியைப் பழுது பார்க்க, சந்தைக்கு வரி கட்ட என்று காசு மறைவது வடிகால். மனிதர்கள் இத்தனை மணி நேரம்தான் ஆடுவார்கள் என்று நினைத்து நிறுவனம் இரண்டையும் அளந்து வைத்திருக்கும். பாட் இருபத்து நான்கு மணி நேரமும் ஊற்றடியில் நிற்கிறது. காசு பெருகுகிறது, அரிய பொருளின் விலை எகிறுகிறது. கார்த்திகை தீபத்தன்று நம் திருவண்ணாமலை லாட்ஜ் வாடகை ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம்: அறை அதேதான், கேட்டு வரும் பணம்தான் அதிகம். ஆனால் ஆட்டத்தில் இதற்கு நேர்மாறான இன்னொன்றும் கூடவே நடக்கிறது. மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது போன்ற எளிய வேலைகளின் சரக்கைப் பாட் மலையாகக் குவிப்பதால் அவற்றின் விலை விழுகிறது. புதிதாக வருபவன் செய்யக்கூடிய வேலையே அதுதான். அவன் வாங்க வேண்டியது ஏறுகிறது, விற்க வேண்டியது இறங்குகிறது. சரி, கையை விட்டுக் காசு கொடுத்தே வாங்கிவிடலாம் என்று அவன் போய் நிற்கும் இடம் பாட் முதலாளியின் கடை.

ரூன்ஸ்கேப் ஆட்டத்தை நடத்தும் ஜாகெக்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் இதை வேரோடு வெட்டப் பார்த்தது. தங்கம் விற்பவர்கள் திருட்டுக் கடன் அட்டைகளில் கணக்குத் தொடங்க, வங்கிகள் பணத்தைத் திரும்பக் கேட்டன. 2007 கடைசியிலும் 2008 தொடக்கத்திலும் ஆட்டக்காரர்களுக்கு இடையிலான தாராளக் கொடுக்கல் வாங்கலையே நிறுவனம் முடக்கியது. நண்பனுக்கு ஒரு கத்தியைச் சும்மா கொடுக்க முடியாத நிலை. கோபப்பட்டுப் பலர் வெளியேறினார்கள். வாக்கெடுப்பு நடத்தி 2011 பிப்ரவரியில் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், பாட்களும் திரும்பின. அந்த அக்டோபரிலேயே லட்சக்கணக்கான பாட் கணக்குகளை ஒரே வீச்சில் முடக்க வேண்டியிருந்தது.

இதே ஆட்டத்தின் பழைய வடிவத்தில்தான் பின்னாளில் வெனிசுவேலாக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். நாட்டின் நாணயம் மண்ணாகிப் போனதால் ஆட்டத்தில் பச்சை டிராகன்களைக் கொன்று, கிடைத்த தங்கத்தை விற்று வீட்டுக்கு அரிசி வாங்கினார்கள். 2017-ல் இவர்களை அடையாளம் கண்டு ஆட்டத்துக்குள் கொல்வது எப்படி என்று ஒருவர் வழிகாட்டியே எழுதி இணையத்தில் போட்டார். பாட் மீது வர வேண்டிய கோபம் பசித்தவன் மீது போனது.

கடைசியில் நிறுவனங்கள் கண்டுபிடித்த மருந்து, விற்பவனின் கடையைத் தாமே எடுத்துக்கொள்வது. ரூன்ஸ்கேப்பில் 2013-ல் ‘பாண்ட்’, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2015-ல் ‘டோக்கன்’. நிஜப் பணம் கொடுத்து நிறுவனத்திடம் வாங்கி, ஆட்டக் காசுக்கு இன்னொரு ஆட்டக்காரனிடம் விற்கலாம். நேற்றுவரை குற்றம், இன்று சேவை. பாட்களை ஒழிக்கும் முயற்சி என்று இதைச் சொல்வதை நான் பாதிதான் நம்புகிறேன். இரண்டு ஆட்டங்களிலும் பாட்கள் இன்னும் இருக்கின்றன.

பிஜிஎம்ஐ போன்ற கைப்பேசி ஆட்டங்கள் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று சந்தையை மூடிவிட்டன. அதனால் வியாபாரம் நிற்கவில்லை, கணக்கு விற்பனையாக மாறி நம் தெருவுக்கு வந்தது. இதில் ஏமாற்றுவது வெகு சுலபம். யூபிஐயில் பணம் வாங்கிக்கொண்டு கடவுச்சொல்லைக் கொடுப்பான். சில நாள் கழித்து, முதலில் இணைத்த மின்னஞ்சலைக் காட்டிக் கணக்கை மீட்டுக்கொள்வான். வாங்கியவன் நிறுவனத்திடம் முறையிட முடியாது. கணக்கை விற்பதும் வாங்குவதும் விதிமீறல்.

பணமே பந்தயமான ஆட்டங்களில் பாட் வேறு வேலை செய்கிறது. அங்கே அது சந்தையில் இல்லை, உங்கள் எதிரே உட்கார்ந்து சீட்டு ஆடுகிறது. ரம்மி வழக்குகளில் தமிழ்நாடு அரசு எழுப்பிய சந்தேகங்களில் இதுவும் ஒன்று: எதிரில் இருப்பது ஆளா, மென்பொருளா என்று ஆடுபவனுக்கு எப்படித் தெரியும்? 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி, அவற்றுக்குத் தமிழ்நாடு அரசு விதித்த தடையை நீக்கியது. ஒழுங்குபடுத்தும் உரிமை அரசுக்கு உண்டு என்றது. 2025 பிப்ரவரியில் ஆதார் சரிபார்ப்பும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடத் தடையும் வந்தன. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண ஆட்டங்களையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. நவம்பரில் வின்சோ என்ற இணைய விளையாட்டு நிறுவனத்தில் சோதனையிட்ட அமலாக்கத் துறை, வாடிக்கையாளர்களிடம் சொல்லாமலே அவர்களை மென்பொருளோடு மோதவிட்டார்கள் என்று குற்றம்சாட்டியது. அது நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட வேண்டிய விஷயம். ஆனால் இந்த ஒரு கேள்விக்காகவே அந்த வழக்கைக் கவனிக்க வேண்டும்.

புதிய சட்டத்தின் குறி பண ஆட்டங்கள்தான். பையன்களின் ஐடி சந்தைக்கு அதனால் பெரிய மாற்றம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனவே பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை ஐடி வாங்கி ஏமாந்தால் பயத்தில் உங்களிடம் சொல்ல மாட்டான். தெரிய வந்ததும் முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். சீக்கிரம் பேசினால் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. திட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.