கடலைக்குத் தெரிந்த சர்க்கரை

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் திருவரங்குளம். தாண்டினால் வம்பன், புதுப்புது உளுந்து ரகங்கள் தந்த தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் அங்கேதான் இருக்கிறது. பயறும் கடலையும் விளைகிற பூமி. கொல்லையில் பிடுங்கிய செடியை உதறிக் கடலை ஆய்கிறார்களே, அந்தப் பருப்புக்குள் எண்ணெயோடு லெக்டின் என்ற புரதமும் கொஞ்சம் இருக்கிறது. புற்றுநோய் ஆய்வகங்கள் அதைக் காசு கொடுத்து வாங்குகின்றன.

லெக்டினின் வேலை சர்க்கரையைப் பிடிப்பது. நாம் டீயில் போடும் சர்க்கரை அல்ல. செல்லின் மேற்பரப்பில் புரதங்களில் கோத்துத் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகள். அப்படிச் சர்க்கரை கோத்த புரதத்துக்குப் பெயர் கிளைக்கோபுரதம்.

கடலை லெக்டின் பிடிக்கும் சர்க்கரையை முதலில் காட்டிக் கொடுத்தது கெட்டுப்போன ரத்தம். 1920-களின் பிற்பகுதியில் டென்மார்க்கில் தாம்சன், அவருக்குப் பின் ஃப்ரீடன்ரைக் இதைக் கவனித்தார்கள். சேமித்த ரத்தத்தில் பாக்டீரியா புகுந்துவிட்டால், அந்தச் சிவப்பணுக்கள் யாருடைய சீரத்தில் கலந்தாலும் திரிந்து கட்டியாயின. காரணம் பின்னால்தான் தெரிந்தது. பாக்டீரியாவின் நொதி ஒன்று சங்கிலியின் நுனியிலுள்ள சயாலிக் அமிலத்தை நறுக்கிவிட, அடியில் மறைந்திருந்த இரட்டைச் சர்க்கரை வெளிப்பட்டிருக்கிறது. அதுதான் டி-ஆன்டிஜென் (T antigen). புற்றுச் செல்கள் பலவற்றில் அது நறுக்காமலே வெளியே தெரியும்.

1975-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் கடலை லெக்டினைத் தூய்மையாகப் பிரித்தார்கள். அதன் முப்பரிமாண வடிவத்தை 1994-ல் வெளியிட்டது நம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம்; எம். விஜயன், சுரோலியா குழு. நான்கு துண்டுகள் சேர்ந்த இந்தப் புரதத்தில், எதிர்பார்த்த சமச்சீர் இல்லை என்பது அன்றைக்குப் பெரிய ஆச்சரியம். டி-ஆன்டிஜெனை அது அடையாளம் காண, நடுவே நீர் மூலக்கூறுகள் பாலமாக நிற்கின்றன என்பதையும் அந்தக் குழுவே காட்டியது.

புற்றுச் செல்லில் இந்தச் சர்க்கரையைச் சுமக்கும் முக்கியமான புரதம் மியூசின்-1. மார்பு, குடல், நுரையீரல் ஆகியவற்றின் உட்பரப்புச் செல்களில் நிற்பது. மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு 'சிஏ 15-3' என்று ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்கள். அது அளப்பது இதைத்தான். நலமான மார்புச் செல்லில் இதன் சங்கிலிகள் நீண்டு கிளைத்திருக்கும். புற்று வந்தால் கட்டையாகி, அந்த இரட்டைச் சர்க்கரை வெளியே தெரியும்.

இதை ஆராய மியூசின்-1 வேண்டும். நோயாளியிடமிருந்து எவ்வளவு எடுக்க முடியும்? ஆகவே மனித ஜீனை வேறொரு செல்லில் புகுத்தி வளர்க்கிறார்கள். மறுசேர்க்கைப் புரதம் என்பது அதுதான். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத வெள்ளைப் பொடியாக, மைக்ரோகிராம் கணக்கில், 'ஆய்வுக்கு மட்டும்' என்ற லேபிளோடு சின்னக் குப்பியில் வரும்.

எந்தச் செல்லில் வளர்த்தது என்பதில்தான் எல்லாம். வழக்கமான ஈ.கோலை பாக்டீரியாவில் செய்தால் புரதம் கிடைக்கும், இந்தச் சர்க்கரை கிடைக்காது. 96 குழித் தட்டின் அடியில் அந்தப் புரதத்தைப் படியவைத்து, நொதி இணைத்த கடலை லெக்டினை விட்டுக் கழுவி, அந்த நொதி பட்டால் நிறம் மாறும் திரவத்தைச் சேர்த்துப் பாருங்கள்: குழி அப்படியே வெளுத்துக் கிடக்கும். சீன வெள்ளெலியின் சூலகச் செல்களில் செய்தது இரட்டைச் சர்க்கரையோடு வரும்; ஆனால் நுனியில் சயாலிக் அமிலம் மூடியிருக்கும். அந்தப் பழைய பாக்டீரியா நொதியையே காசு கொடுத்து வாங்கி மூடியை நறுக்கினால் குழி நீலமாகும். அமிலம் விட்டால் மஞ்சள். டென்மார்க்கில் தற்செயலாக நடந்ததை இங்கே வேண்டுமென்றே செய்கிறோம்.

இதைப் படித்துவிட்டுக் கடலை மிட்டாயை ஒதுக்க வேண்டாம். 200 கிராம் கடலை தின்றவர்களின் ரத்தத்தில் லெக்டின் தென்பட்டதாக 1998-ல் லிவர்பூல் ஆய்வாளர்கள் எழுதினார்கள் என்பது உண்மை. கடலையால் புற்று வருகிறது என்று அதற்கு அர்த்தமில்லை.

அதே லிவர்பூல் ஆய்வாளர்களை யோசிக்க வைத்தது வேறொன்று. நம் உடம்பிலேயே கலெக்டின்-3 என்றொரு புரதம் இருக்கிறது. அதுவும் மியூசின்-1-இன் இதே சர்க்கரையைப் பிடிக்கிறது. ரத்தத்தில் மிதக்கும் புற்றுச் செல் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள அந்தப் பிடி உதவுகிறது என்று சோதனைகளில் கண்டார்கள். அதைத் தடுக்கும் மருந்தைத் தேடுபவர், சர்க்கரையில்லாத மியூசின்-1-ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. குப்பிக்கு ஆர்டர் போடும்போது விலையை அப்புறம் பார்க்கலாம். எந்தச் செல்லில் வளர்த்தது என்ற வரியை முதலில் பார்க்க வேண்டும்.