மதினியும் நானும் எழுதிய பரீட்சை

"பதினெட்டு வருஷமா பிள்ளைகளுக்கு நான் பரீட்சை வச்சேன். இப்ப எனக்கே வைக்கிறாங்களேம்மா!" என்று மதினி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டது 2025 செப்டம்பர் முதல் வாரத்தில்.

மதினி என்றால் என்னவருடைய அக்கா. மேலூர்ப் பக்கம் நிதியுதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்றில் 2007-லிருந்து ஆசிரியை. வயது நாற்பத்தாறு. அந்த மாதம் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பணியில் இருக்கும் ஆசிரியர்களும், ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தால், இரண்டே வருஷத்துக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும். இல்லாவிட்டால் வேலையில் நீடிக்க முடியாது. மதினிக்கோ இன்னும் பதினான்கு வருஷ சர்வீஸ் பாக்கி. மூத்த பெண் காலேஜில் படிக்கிறாள். வீட்டுக் கடன் வேறு.

என் கதை வேறு. ஆசிரியர் பயிற்சி டிப்ளமா வாங்கிய கையோடு கல்யாணம். சர்டிபிகேட் பீரோவுக்குள் போய்விட்டது. கொரோனாவில் எழுத்தை மறந்துபோன பிள்ளைகளுக்காக 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கினார்களே, அதில் தன்னார்வலராகச் சேர்ந்து சாயங்காலம் எங்கள் திண்ணையிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தேன். மாதம் ஆயிரம் ரூபாய். "ஆயிரம் ரூவாய்க்கு வாசல் நெறையச் செருப்பா?" என்பார் அத்தை. எனக்கு மட்டும் பீரோவிலிருந்த சர்டிபிகேட் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. 2022 அக்டோபரில் தேர்வு எழுதினேன். எங்கள் பிரிவுக்கு அன்றைக்கு 82 மார்க் வேண்டும். எனக்கு வந்தது 77.

தெரியாத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். ஒன்று முதல் ஐந்து வகுப்பு ஆசிரியர்களுக்கு முதல் தாள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று ஐந்து பகுதி. பகுதிக்கு முப்பது கேள்வி. ஆக 150. 2012 ஜூலையில் முதல் முதலாக வைத்தபோது ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். இரண்டு தாளுமாக ஆறு லட்சம் பேருக்கு மேல் எழுதி, தேறியவர்கள் 2,448 பேர்! அதே வருஷம் அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கி மறுபடி வைத்தார்கள். தேறினாலும் என்னைப் போன்றவர்களுக்கு உடனே வேலை கிடைத்துவிடாது. அதற்கு இன்னொரு போட்டித் தேர்வு உண்டு. மதினிக்கு அப்படியில்லை. தேறினால் இருக்கிற வேலை தங்கும்.

விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நெருங்கியிருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்தே போட்டேன். தேர்வு நவம்பர் 15. இரண்டு மாதம்தான்.

தினமும் பள்ளி விட்டதும் மதினி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். மகள் படிக்கிறாள் என்றதும் சாயங்கால அடுப்பு தானாக அத்தை கைக்குப் போனது. என்னுடைய 2022 பரீட்சைக்கு இந்த வரம் கிடைக்கவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்!

முதல் நாள் கைடைப் பிரித்து, பியாஜே என்ற ஸ்விட்சர்லாந்து அறிஞர் சொன்ன நான்கு வளர்ச்சி நிலைகளையும் வயதோடு ஒப்பித்தேன். மதினி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சின்னவனைக் கூப்பிடு" என்றார். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாகப் பால் ஊற்றினார். "ரெண்டும் ஒண்ணா?" "ஒண்ணுதான் அத்தை." ஒன்றை மட்டும் எடுத்து ஒல்லியான உயரக் கிளாசில் மாற்றி ஊற்றினார். "இப்ப எதுல நெறைய?" ஐந்து வயசுக்காரன் யோசிக்காமல் உயரக் கிளாசைத் தொட்டான். ஒன்பது வயது மூத்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏழு வயசு வரைக்கும் அப்படித்தான். ஒண்ணாங் கிளாஸ்ல அடிச்சாலும் ஏறாது. மூணாங் கிளாஸ்ல தானா வந்துரும்" என்றார் மதினி.

பியாஜே செய்து பார்த்ததும் இதே சோதனைதான். எனக்குப் பெயர் தெரியும், வயசுக் கணக்கு தெரியும். என் வீட்டிலேயே அது நடப்பது தெரியவில்லை. 2022-ல் எங்கே கோட்டை விட்டேன் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. "ஒரு குழந்தை இப்படிச் சொல்கிறது, ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?" என்று கேள்வி வந்தால் மனப்பாடம் உதவாது.

மதினிக்கு நேர் எதிரான கஷ்டம். குழந்தைக்குக் கைபிடித்து உதவி, அது தேறத் தேற உதவியைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும் என்பதற்குப் புரூனர் என்ற அறிஞரும் அவருடன் ஆராய்ந்தவர்களும் 1976-ல் 'சாரம்' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். கட்டடம் எழும்பும்போது கொத்தனார் கட்டுகிறாரே, அதே சாரம்தான். இதைப் படித்துச் சொன்னேன். "நான் செய்யுற வேலைக்குப் பேருகூட வச்சிருக்காங்களா!" என்று மதினி கேட்டபோது, திண்ணையில் அழுத முகம் போயே போய்விட்டது.

கணக்குதான் படுத்தியது. வருஷக் கணக்காக ஒன்றாம், இரண்டாம் வகுப்பே எடுத்ததில் தனிவட்டி, விகிதமெல்லாம் மறந்திருந்தது. எங்கள் மகளிர் குழு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு எத்தனை சதவீதம்? பன்னிரண்டு என்று டக்கென்று வந்தது. அப்புறமும் மதினி தலைவலி, தலைவலி என்று புத்தகத்தை மூடிக்கொண்டே இருந்தார். எனக்குக்கூட, படிக்கப் பிடிக்காமல் சொல்கிறாரோ என்று சந்தேகம். கடைசியில் பார்த்தால் வெள்ளெழுத்து! கண்ணாடி போட்டதும் தலைவலி நின்றது. நாற்பதைத் தாண்டிய சகோதரிகள், பொடி எழுத்தைத் தூரத் தள்ளிப் பிடித்துப் படித்தால் முதலில் கண்ணைக் காட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரை புது நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலையில் திறந்தது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்பதால் போகவர மாட்டுத்தாவணி வழியாகச் செலவில்லை. பிள்ளைகளையும் கூட்டிப் போனோம். அவர்கள் சிறுவர் பகுதியில் இருக்க, நாங்கள் மணியைப் பார்த்துப் பழைய வினாத்தாள் போட்டோம். மூன்று மணி நேரத்தில் 150 கேள்வி என்றால் ஒன்றுக்கு 72 விநாடி. முதல் வாரம் நூறைத் தாண்டுவதற்குள்ளேயே நேரம் முடிந்தது. தப்பான பதிலுக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், ஒன்றையும் வெறுமனே விடாதீர்கள் என்று மதினிக்கு நான் சொல்லாத நாள் இல்லை.

தேர்வுக்கு மூன்று நாள் முன்பு சின்னவனுக்குக் காய்ச்சல். மடியில் அவன், கையில் ஆங்கில இலக்கணம். சத்தமாக வாசித்தேன், அவன் தூங்கினான்.

நவம்பர் 15. தேர்வு மையத்து வாசலில் பாட்டிமார் மடியில் கைக்குழந்தைகள், தாய்மார் உள்ளே. மதினிக்கு அடுத்த அறை. ஒரு மணிக்கு வெளியே வந்தோம். பஸ்ஸில் நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். தொண்ணூறு தேறும் போல்தான் இருந்தது. மதினி எண்ண மாட்டேன் என்றுவிட்டார்.

வீட்டு வாசலிலேயே அத்தை பிடித்துக்கொண்டார். "என்னத்தா, பாசா?"

"அதெல்லாம் இன்னும் நாளாகும்மா" என்றபடி மதினி நேரே அடுப்படிக்குப் போய் டப்பாக்களை உருட்டினார். "திங்கக்கிழமை ஒண்ணாங் கிளாசுக்குக் கழித்தல் ஆரம்பிக்கணும். புளியங்கொட்டை எடுத்து வச்சிருக்கீங்களா?"