காரில் 'டிக் டிக்' சத்தமா? டேப்பட்டை கழற்றும் முன் ஆயில் குச்சியை பாருங்க!

சேலம்:

அதிகாலை 5 மணி. ஏற்காட்டுக்கு சவாரி. சாவியை திருப்பியதும் என்ஜினில் இருந்து 'டிக்... டிக்... டிக்' என்று தையல் மிஷின் ஓடுவது போல சத்தம். வழக்கமாக கொஞ்ச நேரத்தில் அடங்கி விடும் சத்தம், அன்று அடங்கவே இல்லை.

சேலத்தில் வாடகை கார் ஓட்டும் டிரைவர் ஒருவருக்கு சமீபத்தில் வந்த சோதனை இது. அவருடையது பழைய டிசையர் டீசல் கார். பக்கத்தில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். "டேப்பட் லூஸ் ஆயிருச்சுண்ணே, டைட் வச்சா சரியாயிடும்" என்று சொல்லி பணம் வாங்கிக் கொண்டார்கள். 2 நாளில் மறுபடியும் அதே சத்தம். இந்த தடவை, "16 டேப்பட்டையும் மாத்தணும்" என்று பெரிய பில் சொன்னார்கள்.

பயந்து போன டிரைவர் வேறொரு மெக்கானிக்கிடம் போனார். அவர் ஸ்பேனரை தொடவே இல்லை. ஆயில் குச்சியை உருவினார். கீழ் கோட்டில் கூட ஆயில் ஒட்டவில்லை!

இதில் கொடுமை என்னவென்றால், அந்த என்ஜினில் டைட் வைக்க திருகாணியே கிடையாது. இல்லாத வேலைக்கு கூலி கொடுத்திருக்கிறார் அந்த டிரைவர்.

டேப்பட் செய்யும் வேலை

என்ஜினுக்குள் காற்று போகவும், புகை வெளியேறவும் வால்வுகள் உள்ளன. அவற்றை திறந்து மூட வைப்பது கேம் ஷாப்ட். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்து அழுத்தத்தை கடத்துவதுதான் டேப்பட்.

அம்பாசிடர், மாருதி 800 போன்ற வண்டிகளில் இங்கே ஒரு சிறிய இடைவெளி விட்டிருப்பார்கள். சூட்டில் இரும்பு விரியும் அல்லவா, அதற்காக. ஓட ஓட இந்த இடைவெளி மாறும். மெக்கானிக் மெல்லிய தகடு விட்டு அளந்து, திருகாணியை திருப்பி சரி செய்வார். 'டேப்பட் செட்டிங்' என்று சொல்வது இதைத்தான்.

ஹைட்ராலிக் டேப்பட் வேறு ரகம். இது விரல் பருமனில் ஒரு சிறிய உருளை. அதற்குள் ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், ஒரு குண்டு வால்வு. ஆயில் பம்ப் அனுப்பும் ஆயில் இதற்குள் புகுந்து நிரம்பும். குண்டு வால்வு அடைத்துக் கொள்வதால் சட்டென்று வெளியே வர முடியாது. ஆயிலை அழுத்தி சுருக்கவும் முடியாது. எனவே டேப்பட் கல் போல நின்று இடைவெளியை தானாகவே நிரப்பி விடும். செட்டிங் தேவையே இல்லை.

இது புது சமாச்சாரமும் இல்லை. அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் 1930-லேயே தனது 16 சிலிண்டர் காரில் இதை கொண்டு வந்து விட்டது. நம்ம ஊரில் 2008-ல் விற்பனைக்கு வந்த டிசையர் டீசல் காரின் 1.3 லிட்டர் என்ஜினில் இந்த வகை டேப்பட்தான் உள்ளது. 4 சிலிண்டர், 16 வால்வு, 16 டேப்பட். 2020-ல் பி.எஸ்.6 விதிமுறை வந்தபோது அந்த டீசல் கார் விற்பனை நின்று விட்டது. ஆனாலும் ஏற்கனவே வாங்கிய வண்டிகள் இன்றும் வாடகைக்கு ஓடிக் கொண்டிருக்கின்றன.

சத்தத்தை எடை போடுங்க

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் டேப்பட்டுக்குள் இருக்கும் ஆயில் கொஞ்சம் கசிந்து இறங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி 'டிக் டிக்' கேட்டு அடங்கினால் பயப்பட வேண்டாம். என்ஜின் நன்றாக சூடான பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால்தான் கவனிக்க வேண்டும்.

டேப்பட் சத்தம் என்ஜினின் மேல் பக்கத்தில் இருந்து, மெல்லிசாக, சீராக வரும். ஆக்சிலேட்டரை மிதித்தால் வேகமாகும். டீசல் வண்டியில் இன்ஜெக்டர் சத்தமும் இதே மாதிரி இருக்கும். டைமிங் செயின் தளர்ந்தால் 'கரகர' என்று கேட்கும். எனவே சத்தத்தை கேட்ட உடனே டேப்பட் என்று முடிவு கட்டக் கூடாது.

அதே நேரம், கீழ் பக்கத்தில் இருந்து கனமாக 'டொக் டொக்' என்று கேட்டு, மேடு ஏறும்போது அதிகமானால் அது பேரிங்காக இருக்கலாம். வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

முதலில் ஆயில் குச்சி

வண்டியை சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சில நிமிடம் கழித்து குச்சியை உருவி துடைத்து மறுபடி விட்டு பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் இருக்க வேண்டும்.

குறைந்தால் பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். ஏற்காடு போல 20 கொண்டை ஊசி வளைவு உள்ள மலைப்பாதையில், வண்டி சாயும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி விடுவதால் ஆபத்து இன்னும் அதிகம். 'கூடத்தான் இருக்கட்டுமே' என்று அளவுக்கு மேல் ஊற்றினாலும் தப்பு. கிராங்க் ஷாப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கி விடும். நுரை என்றால் காற்றுதான். காற்றை அழுத்தினால் சுருங்கும். டேப்பட் தளர்ந்து சத்தம் போடும்.

அளவு சரியாக இருந்தால் அடுத்தது ஆயிலின் வயசும் ரகமும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் எந்த கிரேடு போட்டிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும். தேவைக்கு மேல் கெட்டியான ஆயில், காலை குளிரில் மேலே ஏற நேரம் எடுக்கும். பில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். டப்பா வடிவ பில்டர் உள்ள வண்டிகளில், ஆயில் திரும்ப வடியாமல் தடுக்க உள்ளே ஒரு ரப்பர் வால்வு இருக்கும். விலை குறைவு என்று வாங்கும் போலி பில்டரில் அது சரியாக இல்லாவிட்டால் தினமும் காலையில் இதே பாட்டுதான்.

மண்ணெண்ணெய் வேண்டாம்

அழுக்கு அடைத்து டேப்பட் சிக்கியிருந்தால், மண்ணெண்ணெய் அல்லது டீசல் ஊற்றி என்ஜினை கழுவும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதற்கு ஆயிலின் வழுவழுப்பு கிடையாது. பேரிங் தேயும். மொத்தமாக பெயர்ந்து வரும் அழுக்கு, பம்பின் சல்லடையை அடைத்து விடவும் கூடும். அதை விட நல்ல ஆயில் மாற்றி கொஞ்ச நாள் ஓட்டி, வழக்கமான தவணைக்கு முன்பே இன்னொரு தடவை ஆயிலும் பில்டரும் மாற்றுவது பாதுகாப்பு. அழுக்கு மெதுவாக கரைந்து வெளியேறும்.

பிரஷர் பார்த்த பிறகே பில்

இதற்கும் அடங்கவில்லை என்றால் ஆயில் பிரஷர் பார்க்க சொல்லுங்கள். ஆயில் சுவிட்சை கழற்றி அந்த இடத்தில் மீட்டரை மாட்டினால் தெரிந்து விடும். பிரஷர் குறைவாக இருந்தால் பம்ப், சல்லடை, பேரிங் இவற்றில்தான் கோளாறு. அதை விட்டு விட்டு 16 டேப்பட்டை புதிதாக போட்டாலும் சத்தம் போகாது. பணம்தான் போகும்.

பிரஷர் சரியாக இருந்து, சத்தம் டேப்பட்டில் இருந்துதான் வருகிறது என்று உறுதியானால் கழற்றலாம். பழைய டேப்பட்டை மறுபடி போடுவதாக இருந்தால் எது எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே போட வேண்டும். கேம் ஷாப்ட் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நிறைய கிலோ மீட்டர் ஓடிய வண்டி என்றால் மொத்தமாக மாற்றுவதே லாபம். மறுபடியும் திறந்தால் மறுபடியும் கூலி.

புது டேப்பட் போட்ட உடனே அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஆயில் நிரம்பிய டேப்பட் வால்வை திறந்தபடி பிடித்திருந்தால் பிஸ்டன் இடித்து விடும். சுமார் அரை மணி நேரம் விட்டால் அதிகப்படி ஆயில் வடிந்து சரியாகும். ஸ்டார்ட் செய்த பிறகு கொஞ்ச நேரம் சத்தம் இருக்கும். காற்று வெளியேறியதும் அடங்கி விடும்.

சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்துங்க

நம்ம டிரைவர் வண்டியில் ஆயில் வடியும் நட்டின் வாஷர் போய், சொட்டு சொட்டாக ஒழுகி இருக்கிறது. வாஷர், ஆயில், பில்டர் மாற்றினார்கள். 2 நாள் ஓட்டத்தில் சத்தம் அடங்கி விட்டது. டேப்பட் ஒன்று கூட மாற்றவில்லை.

ஆனால் அவர் தப்பியது அதிர்ஷ்டம்தான். டேப்பட்டுக்கு போகும் அதே ஆயில்தான் பேரிங்குக்கும் போகிறது. 'டிக் டிக்' என்பது என்ஜின் தண்ணீர் கேட்டு அழுவது மாதிரி. கூடவே டேஷ் போர்டில் சிவப்பு ஆயில் விளக்கும் எரிந்தால், சவாரி பாதியில் நின்றாலும் பரவாயில்லை, அந்த இடத்திலேயே என்ஜினை அணைத்து விடுங்கள். ஒரு சவாரி போனால் இன்னொன்று வரும். என்ஜின் சிக்கினால் மாச தவணையை யார் கட்டுவது?

வாரத்துக்கு ஒரு நாள், வண்டியை துடைக்கும்போதே ஆயில் குச்சியையும் ஒரு தடவை உருவி பார்த்து விடுங்க. அதற்கு பைசா செலவு இல்லை.