திரையில் பிடிபடும் பணயக்கைதிகள்

கணினித் திரையிலே வங்கியொன்று கொள்ளையிடப்படுகின்றது. முகமூடி அணிந்த நால்வர் உள்ளே இருக்கின்றனர். வெளியே பொலிஸ் வாகனங்கள் சூழ்ந்து நிற்கின்றன. வாடிக்கையாளர் ஒருவர் கைகளைத் தலைக்கு மேலே உயர்த்தியவாறு துப்பாக்கி முனையில் நிறுத்தப்பட்டிருக்கின்றார். இவர்களை இயக்குவது கணினி அல்ல. ஒவ்வொருவருக்கும் பின்னால், வெவ்வேறு ஊர்களிலும் நாடுகளிலும், ஒலிவாங்கியைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓர் இளைஞரோ யுவதியோ அமர்ந்திருக்கின்றார். 2013 இல் வெளிவந்த 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ' ஐந்தாம் பாகத்தை அடித்தளமாகக் கொண்டு, 'ஃபைவ்எம்' மென்பொருளின் துணையுடன் நடத்தப்படும் பாத்திரமேற்று ஆடும் சேர்வர்களில் இது நாளாந்தக் காட்சியாகும்.

எமது அலுவலகத்து இளைய நண்பர் ஒருவரின் தயவினால் சில மாலைப் பொழுதுகளை இக்காட்சிகளைப் பார்ப்பதில் நாம் செலவிட்டோம். வயதுக்கு ஒவ்வாத பொழுதுபோக்கு என வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆயினும், இவ்விளையாட்டில் ஈடுபடுவோர் தம்மிடையே ஓயாது விவாதிக்கும் ஒரு கேள்வி எம்மையும் பற்றிக்கொண்டது. பணயக்கைதிச் சம்பவமொன்றை உண்மைக்கு நெருக்கமாக ஆடுவது எவ்வாறு என்பதே அக்கேள்வி.

இப்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். கொள்ளையர் இரண்டு கோரிக்கைகளை முன்வைப்பர். தப்பிச் செல்லும் வாகனத்தின் முன்னால் டயர்களைப் பதம்பார்க்கும் முட்பட்டைகளை விரிக்கக்கூடாது என்பது ஒன்று. வாசலைக் கடக்கும்வரை சுடக்கூடாது என்பது மற்றையது. பொலிஸார் உடனே சம்மதிப்பர். பணயக்கைதி விடுவிக்கப்படுவார். ஐந்தாறு நிமிடங்களில் வீதியிலே துரத்தல் ஆரம்பித்துவிடும். எல்லோரும் காத்திருந்தது இந்தத் துரத்தலுக்காகவே. பணயக்கைதி இங்கே ஒரு மனிதரல்லர். துரத்தலுக்கான நுழைவுச்சீட்டு மாத்திரமே.

உண்மை உலகில் இவ்விவகாரம் ஒரு துறையாக வளர்ந்தமைக்கு இரத்தம் சிந்திய அனுபவங்களே காரணமாகும். 1971 செப்டெம்பரில் நியூயோர்க் மாநிலத்தின் அற்றிகா சிறைச்சாலையைக் கைதிகள் கைப்பற்றியபோது, நான்கு நாட்களின் பின்னர் அதிகாரிகள் ஆயுத பலத்துடன் உட்புகுந்தனர். அந்நடவடிக்கையில் 39 பேர் மாண்டனர். அவர்களுள் 10 பேர் பணயக்கைதிகள். கைதிகளே அவர்களின் கழுத்தை அறுத்தனர் என முதலில் கூறப்பட்டது. பிரேத பரிசோதனையோ மீட்க வந்தவர்களின் துப்பாக்கிச் சூட்டிலேயே அவர்கள் இறந்ததை வெளிப்படுத்தியது. மறு ஆண்டு மியூனிச் ஒலிம்பிக்கின்போது, பலஸ்தீன 'கறுப்பு செப்டெம்பர்' இயக்கத்தினர் இஸ்ரேலிய விளையாட்டு அணியினரைப் பிடித்து வைத்தனர். உள்ளே இருந்த ஆயுததாரிகள் எட்டுப் பேர் என்பதைக்கூட ஜேர்மனியப் பொலிஸார் சரிவர அறிந்திருக்கவில்லை. விமானத் தளத்தில் நிறுத்தப்பட்ட குறிபார்த்துச் சுடுவோர் ஐவருக்கிடையே வானொலித் தொடர்பும் இருக்கவில்லை. எஞ்சியிருந்த ஒன்பது பணயக்கைதிகளும் அங்கே மாண்டனர்.

மியூனிச் அனுபவத்தின் பின்னரே நியூயோர்க் பொலிஸ் திணைக்களத்தில் ஹார்வி ஷ்லொஸ்பேர்க், ஃபிராங்க் போல்ஸ் ஆகிய இருவரும் பேச்சுவார்த்தை முறையொன்றை உருவாக்கினர். ஷ்லொஸ்பேர்க் உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற துப்பறியும் அதிகாரி. இடத்தைச் சுற்றிவளை, பேசு, காத்திரு என்பதே அம்முறையின் சாரம். 1973 ஜனவரியில் புரூக்ளினில் விளையாட்டுப் பொருள் விற்பனை நிலையமொன்றில் நால்வர் பணயக்கைதிகளுடன் அகப்பட்டனர். ஆரம்பத்திலேயே பொலிஸ் அதிகாரி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தபோதிலும், பொலிஸார் பாய்ந்து உட்புகவில்லை. 47 மணித்தியாலங்கள் காத்திருந்தனர். அக்காலத்துள் பணயக்கைதிகள் கூரை வழியாகத் தப்பினர். உள்ளே இருந்தோர் சரணடைந்தனர்.

காலமே இங்கு ஆயுதம். முதற் சில நிமிடங்களே மிகவும் ஆபத்தானவை. அப்போது எல்லோரும் பதற்றத்தின் உச்சியில் இருப்பர். மணித்தியாலங்கள் செல்லச் செல்லப் பசியும் களைப்பும் தூக்கமும் ஆயுததாரியையும் சாதாரண மனிதனாக்கிவிடுகின்றன. ஆனால், இணையத்தில் இக்காட்சிகள் பலவும் நேரலையாக ஒளிபரப்பாகின்றன. பார்வையாளரும் காத்திருக்க விரும்புவதில்லை.

47 மணித்தியாலங்களை எவரும் விளையாட முடியாது. ஆயின் நாற்பது நிமிடங்களை விளையாடலாம். அதற்கு, பொலிஸ் பாத்திரமேற்போர் அறிந்திருக்க வேண்டிய முதல் விடயம், பேசுபவரும் கட்டளையிடுபவரும் ஒருவராக இருக்கலாகாது என்பதாகும். முடிவெடுக்கும் அதிகாரம் தன்னிடம் இல்லாததனாலேயே "மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று பேச்சுவார்த்தையாளர் கூற முடிகின்றது. அந்த ஒரு வாக்கியம் பத்து நிமிடங்களைப் பெற்றுத் தரும். அடுத்தது, எதனையும் இலவசமாகக் கொடுக்காமை. உணவு கேட்டால் ஒருவரை விடுவிக்கக் கேட்க வேண்டும். வாகனம் கேட்டால் எத்தகைய வாகனம், எவ்வளவு எரிபொருள், எந்த வாசல் என்று பேச்சை நீட்ட வேண்டும். கொள்ளையராக ஆடுவோருக்கும் இங்கே வேலை உண்டு. உள்ளே நால்வர் இருப்பின் நால்வரும் ஒரே மனத்தினராக இருக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு வீட்டு நினைவு வரலாம். இன்னொருவர் தலைவனைச் சந்தேகிக்கலாம்.

இவை யாவற்றுக்கும் அடிப்படையாக ஒன்று தேவைப்படுகின்றது. அதுதான் அச்சம். மரணத்தின் பின் மருத்துவமனைக் கட்டிலில் கண்விழித்து எழலாம் என்றிருக்கும் உலகில், துப்பாக்கிக்கு யார் அஞ்சுவார்? ஆகவேதான், பாத்திரம் தன் உயிரை மதித்து நடக்க வேண்டும் என்பதைப் பல சேர்வர்கள் விதியாகவே வைத்துள்ளன. சொந்த நண்பரைப் பணயக்கைதியாக அழைத்து வருவதை விலக்கும் விதியும் அதன் உடன்பிறப்பே. நண்பருக்கு அச்சம் இல்லை. அவர் தன்னைப் பிடித்தவரின் வெற்றிக்காகவே அங்கு நிற்கின்றார். கைதியைக் கொன்றவரின் பாத்திரம் அந்த உலகிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படும் என்ற நிலை இருக்குமாயின், விசையில் விரல் வைப்பவர் சற்று யோசிப்பார் என்பது எமது கருத்து.

பணயக்கைதியின் பாத்திரம் பற்றியே மிகக் குறைவாகப் பேசப்படுகின்றது. 1973 ஒகஸ்டில் ஸ்டொக்ஹோம் நகர வங்கியொன்றில் நான்கு ஊழியர்கள் ஆறு நாட்கள் வரை பிடித்து வைக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் ஒரு பெண், சுவீடன் பிரதமர் ஒலொஃப் பால்மேயுடன் தொலைபேசியிலே வாதாடினார். தங்களைப் பிடித்து வைத்தவர்களிலும் பார்க்கப் பொலிஸாரின் தாக்குதலுக்கே அதிகம் அஞ்சுவதாக அவர் கூறினார். பின்னர் உலகம் அதற்கு ஒரு நோயின் பெயரைச் சூட்டியது. அற்றிகாவை அறிந்தவர்களுக்கு அந்த அச்சம் நோயாகத் தோன்றாது. எவ்வாறாயினும், பணயக்கைதிக்கும் ஒரு கணக்கு உண்டு. அவர் பேசுவார், கெஞ்சுவார், பேரம் பேசுவார், சில வேளைகளில் பொய்யும் சொல்வார். திரையிலே அவர் மௌனமாக நிறுத்தி வைக்கப்படுகின்றார்.

அந்த மௌனத்தின் பின்னால் இருப்பவர் யார் என்பதை எவரும் கேட்பதில்லை. பணயக்கைதிச் சம்பவத்தில் இடம் தெரியும்; வாசலில் பொலிஸார் நிற்பர்; உள்ளே இருப்பவரின் குரல் வெளியே கேட்கும். கடத்தலில் இவை எதுவுமே இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ், முஸ்லிம் இல்லங்கள் பல அறிந்திருப்பது இந்த இரண்டாவதைத்தான். பேச்சுவார்த்தையாளர் எவரும் அந்த வாசல்களுக்கு வந்ததில்லை. இன்று இவ்விளையாட்டுகளில் ஈடுபடும் எமது பிள்ளைகளுள் அத்தகைய வீடுகளில் வளர்ந்தவர்களும் இருக்கக்கூடும்.

எனவே சேர்வர்களை நடத்துவோர், காட்சி ஆரம்பிக்கும் முன்னரே, பாத்திரத்திடம் அன்றி அதை ஆடுபவரிடம் சம்மதம் கேட்கும் முறையை வைத்திருக்க வேண்டும். இடைநடுவே ஒரு சொல்லில் விலகிச் செல்லும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும். கண்களைக் கட்டி வாகனத்தில் ஏற்றுவது மற்றவர்களுக்கு அரை மணிநேர விளையாட்டு. அவருக்கு அது எதுவென்று அவரைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது.